கோமதி சேச்சியின் இத்தாலி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் புறப்படுவதற்காகச் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. என் கணவர் எடுத்துவிட்டு, "உனக்காக்கும். வலியசாலையிலேருந்து" என்றார். வலியசாலையிலிருந்து எங்கள் பாறசாலை வீட்டுக்குப் பேசக்கூடியவர் ஒருவர்தான். "என்ன சேச்சி, விடிஞ்சதும் என் ஞாபகமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வாங்கினேன். மறுபக்கம் ஓர் ஆண் குரல். "எஸ்தர்தானே? நான் கோமதியோட அண்ணா. கோமதி போயிட்டா. காலம்பற குளிச்சுட்டு வந்து நாற்காலியில உக்காந்தா, அப்படியே..." என்றவர் சற்று நின்று, "பதினோரு மணிக்கு எடுக்கறோம்" என்று முடித்தார். நான் "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒருவர் இறந்த செய்திக்குச் "சரி" என்று பதில் சொன்னதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு மாடியில் இருக்கும் எங்கள் டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் எடுத்தவர்கள் கோமதி சேச்சியை மறந்திருக்க மாட்டார்கள். ஜன்னலோர மேசை, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, நெற்றியில் சந்தனக் கீற்று, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய தொலைபேசி. அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். நாற்பத்தைந்து வயது வரை தெற்கே கன்னியாகுமரியையும் வடக்கே குருவாயூரையும் தாண்டாத அந்த அம்மையாருக்கு, ரோமாபுரியின் பெரிய ரயில் நிலையத்தில் எந்த வாசலில் வெளியேறி எந்தப் பக்கம் திரும்பினால் நல்ல காப்பி கிடைக்கும் என்பது தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். மணமாகாதவர், வலியசாலை அக்கிரகாரத்தில் தாயாரோடும் அண்ணன் குடும்பத்தோடும் இருந்தார். நான் தமிழ்நாட்டு எல்லையோரத்துப் பாறசாலையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். இருவருக்கும் வீட்டில் தமிழ்தான், ஆனால் அவர் தமிழ் அக்கிரகாரத் தமிழ், என் தமிழ் எல்லைத் தமிழ். அலுவலகத்தில் மலையாள வழக்கப்படி எல்லோருக்கும் அவர் சேச்சி, அதாவது அக்கா, என்பதால் எனக்கும் சேச்சியானார்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். அடுத்தபடி இத்தாலி. அங்கே மடங்களில் சேரப் போகும் கன்னியாஸ்திரிகள், மருத்துவமனைகளுக்குப் போகும் நர்ஸுகள், வீடுகளில் முதியவர்களைக் கவனித்துக்கொள்ளப் போகும் பெண்கள். வளைகுடா டிக்கெட்டுகளை என் பக்கம் தள்ளிவிட்டு இத்தாலி டிக்கெட்டுகளைச் சேச்சி தாமே வைத்துக்கொண்டார். நான் அதற்காக எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் திரும்பும் டிக்கெட்டை உறுதிசெய்ய மாடியேறி வருவார்கள் அல்லவா, அவர்களிடம் சேச்சி ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்றுதான். "ஊருக்கு வந்தவாளுக்கு ஆயிரம் காரியம் இருக்கும். நாம பிடிச்சு வெச்சுண்டு கதை கேக்கப்படாது" என்பார். வெனிஸிலிருந்து வந்த ஒரு சிஸ்டரிடம், அங்கே குப்பையை எதில் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டார். இன்னொருவரிடம், அங்கே பகலில் கடைகளை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று. ஒரு கன்னியாஸ்திரியிடம், காப்பிக் கடையில் ஏன் நாற்காலி போடுவதில்லை என்று கேட்டதற்கு அவர் சிரித்து, "நின்னு ரெண்டு மடக்கு குடிச்சிட்டுப் போயிருவாங்க. அது காப்பியாக்கும், சாப்பாடில்ல" என்றார். சேச்சிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் பத்து ஆண்டுகளில், ஆளுக்கொரு பதிலாக, அவரிடம் ஓர் இத்தாலி சேர்ந்துவிட்டது. முதன்முறை போகிற பெண்களுக்கு அதிலிருந்து எடுத்துத்தான் வழி சொல்லி அனுப்புவார். போய் வந்தவர்கள், "சேச்சி சொன்னது அப்படியே இருந்தது" என்பார்கள். "பின்னே?" என்று கேட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். கீழே கணபதி கோயிலில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். போகவேண்டும் என்ற ஆசை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

அவரது எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மறக்காதது ஒன்று. பூவாறு பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் பிலோமினா, நேப்பிள்ஸுக்குத் தெற்கே மினோரி என்ற சின்னக் கடலோர ஊரில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சேச்சி கேட்டார், "அங்க உன்னோட முறியில ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்?" அவள் கொஞ்சம் யோசித்து, "கடலு. பொறவு, எலுமிச்ச மரம்" என்றாள். "ரெண்டும் ஒண்ணாவா?" என்று இரண்டாவது கேள்வியும் கேட்டுவிட்டார் சேச்சி. தம் வழக்கத்தை அவர் மீறி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு எளிதல்ல. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் உபசார வார்த்தையாகிவிடும்.

அலுவலகத்துக்குக் காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் கீழே ஓட்டலிலிருந்து காப்பி வரும். எங்களுக்கெல்லாம் கண்ணாடி டம்ளர். சேச்சி மட்டும் மேசை இழுப்பறையைத் திறந்து தம் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டு, உதடு படாமல் அண்ணாந்து குடிப்பார். ஒரு சொட்டு சிந்தாது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், கண்ணாடி டம்ளர் குறைந்த ஒருநாள், மேசைமேல் கிடந்த அந்த டம்ளரில் நான் காப்பியை ஊற்றி வாய் வைத்துக் குடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. சேச்சி பார்த்தார். மறுநாள் புதிய டம்ளர் ஒன்று கொண்டுவந்தார். பழையதை என் மேசையில் வைத்து, "இது நீ வெச்சுக்கோ எஸ்தர்" என்றார், ஏதோ பரிசு தருகிற மாதிரி.

அன்று மாலை பாறசாலை வரைக்கும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே போனேன். மறுநாள் அந்த டம்ளரில் ஒரு பெட்டி குண்டூசியைக் கொட்டி, அவர் கண்ணில் படுகிற மாதிரி என் மேசையின் விளிம்பில் வைத்தேன். பத்து ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. அவர் குண்டூசி கேட்டால் டம்ளரோடு தூக்கி நீட்டுவேன். என் குணம் அப்படி. அவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு, "தாங்ஸ்" என்பார். இதற்கிடையில் எங்களுக்குள் சிநேகிதமும் வளர்ந்தது என்பதுதான் வேடிக்கை. என் மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது என் வேலையையும் சேர்த்து மூன்று வாரம் செய்தவர் அவர். அந்த டம்ளர் விஷயம் மட்டும் பேசப்படாமலே இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பயண நிறுவனங்கள் ஏஜென்சி ஊழியர்களைத் தங்கள் செலவில் அழைத்துக்கொண்டு போய் ஊரையும் ஓட்டலையும் காட்டும். பார்த்தவர்கள்தானே நன்றாக விற்பார்கள். அப்படி ஓராண்டு எங்கள் அலுவலகத்துக்கு இத்தாலிக்கு இரண்டு இடம் கிடைத்தது. மேலாளர் சேச்சியின் பெயரை எழுதிவிட்டு, கூட யார் என்று கேட்டார். சேச்சி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "எஸ்தர்" என்றார். பத்து நாள் குழுவோடு ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ். அதன்பின் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நாங்கள் மட்டும் மினோரி. தங்குவதற்குப் பிலோமினா அறை பார்த்து வைத்திருந்தாள்.

ரோமில் இறங்கிய மறுநாள் காலை, கோயில்களையும் இடிபாடுகளையும் பார்க்கக் குழு பஸ் ஏறும் முன், சேச்சி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார். வாசலில் வெளியேறி இடப்பக்கம், மூன்றாவது கடை. இருந்தது. மார்பளவு உயரமான மேடை. வேலைக்குப் போகிற ஆண்களும் பெண்களும் வந்து நின்று, இரண்டு மடக்கில் குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். சேச்சியின் கண் கலங்கிவிட்டது. "நம்ம பழவங்காடி மாதிரியேதான் எஸ்தர். நெத்தியில சந்தனம்தான் இல்லை" என்றார்.

காப்பி வந்தது. கோழிமுட்டை கொள்ளுகிற அளவுக்கு ஒரு வெள்ளைக் கோப்பை, அதிலும் பாதிதான். சேச்சி அதைப் பக்தியோடு எடுத்து, வழக்கப்படி அண்ணாந்து, உதடு படாமல் சாய்த்தார். ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தார். அப்போதும் விழவில்லை. மேலும் சாய்த்தபோது மொத்தமும் ஒன்றாக இறங்கி, மூக்கிலும் மோவாயிலும் பட்டு, புதுப் புடவை முன்பக்கமெல்லாம் வழிந்தது. நான் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது. மேடைக்குப் பின்னால் நின்ற நரைமுடிக்காரர் ஓடிவந்து ஈரத்துணி கொடுத்தார். பின் கேட்காமலே இன்னொரு கோப்பை வைத்தார். சேச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதேபோல் அண்ணாந்து, இந்தத் தடவை சொட்டுச் சொட்டாக இறக்கி முடித்தார். நின்றிருந்தவர்கள் கை தட்டினார்கள். மூன்றாம் நாள் போனபோது அந்த நரைமுடிக்காரர் தாமும் முயன்று பார்த்து வெள்ளைச் சட்டையைக் கெடுத்துக்கொண்டார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அதே நேரத்தில் உள்ளே எங்கோ அந்தப் பழைய டம்ளர் உறுத்தவும் செய்தது. இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் இதை விடமாட்டாரா என்று.

மற்றதையெல்லாம் அவர் விட்டுவிட்டார். பிறந்ததிலிருந்து தொடாத பூண்டை நூடுல்ஸ் போன்ற அவர்களுடைய சாப்பாட்டில் கண்டபோது, முகர்ந்து பார்த்து, "போனாப் போறது, நன்னாயிருக்கே" என்று தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். வெனிஸில் குப்பை அள்ளும் படகு வந்தபோது அரண்மனையைக் காட்டிக்கொண்டிருந்த வழிகாட்டியை விட்டுவிட்டு அதைப் பார்க்க ஓடினார். "அந்த சிஸ்டர் சொன்னது இந்தப் படகுதான்" என்றார். ஃப்ளாரன்ஸில் சிலைகளைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தரையையே பார்த்து நடந்தவர், வெளியே வந்ததும், "அந்தத் தரையில பதிச்ச கல்லு எத்தனை நிறம் பாத்தியோ?" என்றார்.

குழுவினர் ஊர் திரும்ப, நாங்கள் இருவரும் தெற்கே ரயில் ஏறினோம். நல்ல வெயில். என் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சேச்சி தம் பாட்டிலைக் கொடுத்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று தூக்கித்தான் குடித்தேன். ரயில் ஓர் ஆட்டம் ஆடியதில் பாட்டில் உதட்டில் பட்டுவிட்டது. திருப்பி நீட்டினேன். சேச்சி கை நீட்டவில்லை. "சாரமில்லை, பரவாயில்லை எஸ்தர், நீயே வெச்சுக்கோ" என்றார்.

பத்து ஆண்டுகளாக அடக்கி வைத்திருந்தது அந்த 'வெச்சுக்கோ'வில் வெளியே வந்துவிட்டது. "சேச்சி, ஒண்ணு கேக்குதேன். என் எச்சிலு உங்களுக்கு அவ்வளவு அறப்பா? ஒரே முறியில தூங்குதோம். ஒரே சோப்புல துணி துவைக்குதோம். என் மவனுக்காக நீங்க நேந்துக்கிட்டதும் எனக்குத் தெரியும். பொறவு இது மட்டும் என்ன? அந்த டம்ளர்ல நான் குண்டூசி போட்டு வச்சிருக்கது ஏன்னு ஒரு நாளாவது கேட்டியளா?" என்றேன். எதிர் இருக்கையில் இருந்த இத்தாலியப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டார். சேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நேப்பிள்ஸ் வரும்வரை திரும்பவில்லை.

மினோரியில் மூன்று நாளும் தேவைக்கு மட்டுமே பேசிக்கொண்டோம். அவர் பத்தாண்டு ஆசைப்பட்ட ஊர். ஜன்னலைத் திறந்தால் பிலோமினா சொன்னபடி கடலும் எலுமிச்சையும் ஒன்றாகவே தெரிந்தன. மலைச்சரிவில் படிபடியாகத் தோட்டம், கீழே நீலத் தண்ணீர். அந்த எலுமிச்சங்காய் ஒவ்வொன்றும் பெரிய நாரத்தங்காய் போன்ற நம் வடுகப்புளி நாரங்காய் அளவு இருந்தது. சேச்சிக்குப் பொறுக்கவில்லை. "எஸ்தரே, இதைக் கண்டா ஊறுகாய் போடணும்னு கை துடிக்கறது" என்று தாமாகச் சொல்லிவிட்டார். நான் "ம்" என்றேன். என்ன பிடிவாதம் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கடற்கரையில் அவரோடு பேசிச் சிரித்து நடந்திருக்கவேண்டிய மூன்று நாட்களை நான்தான் வீணாக்கினேன்.

கடைசி நாள் பிற்பகல் படகுத்துறைக்கு வந்தோம். படகு வரக் கால் மணி நேரம் இருந்தது. ஊரே கதவடைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. துறையை ஒட்டி ஒரு காப்பிக் கடை பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு வயதான அம்மாள் மட்டும். சேச்சி இரண்டு விரலைக் காட்டி, "காஃபே" என்றார். அந்த அம்மாள் அணைத்துவிட்ட காப்பி மிஷினைக் காட்டிக் கையை விரித்தார். பின் எங்கள் பெட்டிகளையும் முகங்களையும் பார்த்தார். அடுப்பில் தமக்காகச் சின்னக் கெட்டிலில் போட்டிருந்த காப்பியை ஒரு கோப்பையில் ஊற்றி எங்கள் நடுவே வைத்தார். அவ்வளவுதான் இருந்தது. ஒரு கோப்பை.

சேச்சி அதை என் பக்கம் தள்ளி, "நீ முதல்ல" என்றார். நான் வேண்டுமென்றே வாயை நன்றாக வைத்துப் பாதியைக் குடித்துவிட்டு அவர் முன் வைத்தேன். அண்ணாந்து குடிக்கட்டும், அல்லது வேண்டாம் என்று சொல்லட்டும், ஏதாவது ஒன்று இங்கேயே முடியட்டும் என்றிருந்தது.

அவர் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படகின் சங்கொலி கேட்டது. இரண்டு கையாலும் எடுத்தார். உதட்டை வைத்தார். சிறு குழந்தை குடிக்கப் பழகுகிற மாதிரி, சத்தம் வர உறிஞ்சினார். முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்காத்துல, என் அம்மா குடிச்சதுல கூட நான் வாய் வெச்சதில்லை எஸ்தர். வேற மாதிரி குடிக்க எனக்கு ஆரும் சொல்லித் தரலை. ஆனா அன்னிக்கு அந்த டம்ளரைக் குடுத்தது தப்பு. அது தப்புன்னு அன்னிக்கே எனக்கு அறியும். குடுத்ததை எப்படித் திரும்பக் கேக்கறதுன்னுதான் அறியலை." நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. அந்த அம்மாளிடம் சைகையால் பேசி, அந்தக் கோப்பையைத் தமக்குத் தரமுடியுமா என்று கேட்டார். அந்த அம்மாள் அதைக் கழுவிச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். படகில் போகும்போது நாங்கள் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில்லை.

திருவனந்தபுரம் திரும்பி அலுவலகம் போன முதல் நாள், நான் குண்டூசிகளை ஓர் உறையில் கொட்டிவிட்டு அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி மேசைமேல் வைத்தேன். நான்கு மணிக்குக் காப்பி வந்தது. சேச்சி மேசை இழுப்பறையைத் திறந்து தம் டம்ளரை எடுத்தார். எதிரே வலியசாலைக்காரர்கள் இரண்டு பேர் காசிக்கு டிக்கெட் விசாரிக்க உட்கார்ந்திருந்தார்கள். சேச்சி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, உதடு படாமல் குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் குண்டூசிகளைத் திரும்ப டம்ளரில் கொட்டினேன், சத்தம் கேட்கும்படியாகவே.

அன்று மாலை மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "அது அங்கே எஸ்தர். இங்கே என்னால முடியலை. நாம இன்னும் ஒரு தடவை கூடி அங்கே போகலாம்" என்றார். அதற்குப்பின் ஏழெட்டு ஆண்டுகள் 'நாம இன்னும் ஒரு தடவை கூடி அங்கே போகலாம்' என்பதே எங்கள் பேச்சாயிற்று. ஓராண்டு என் மகனின் கல்லூரி, அடுத்த ஆண்டு அவர் தாயாரின் நோய், பிறகு அண்ணனின் கண் ஆபரேஷன். பதினொரு மணிக் காப்பி வரும்போது சேச்சி கணக்குப் போட்டு, "அங்கே இப்போ ஏழரை. காப்பிக் கடைக் கிழவி மிஷினை ஆன் பண்ணியிருப்பா" என்பார். நான்கு மணிக் காப்பிக்கு, "அங்கே பன்னண்டரை. கடையடைக்க நேரமாச்சு" என்பார். ஜனங்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுக்கத் தொடங்கி எங்கள் மாடிப்படி வெறிச்சோடிய பிறகு, வேலை குறைந்த நேரங்களில் மினோரியைப் பற்றி இன்னும் அதிகமாகப் பேசினார். அவர் ஏங்கியது கடலுக்கும் எலுமிச்சைக்கும் மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்த ஏக்கம் இருந்தது. ஒரு கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார எங்களுக்கு இந்த ஊரில் இடமில்லை என்று இருவருமே நம்பினோம்.

நடுவில் இரண்டு மூன்று முறை, "ஒரு நாள் ஆத்துக்கு வாயேன், காப்பி தரேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் அதை உபசாரமாகவே எடுத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், பயம். அந்தத் தெருவில் யாராவது என்னை வாசலிலேயே நிறுத்தி, தனி டம்ளரில் காப்பி தந்துவிட்டால் எங்கள் சிநேகிதம் அன்றோடு தீர்ந்துவிடும் என்ற பயம். பணி ஓய்வு பெற்ற நாளில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் அழைத்தார். "இனி எனக்கு நேரம் உண்டு. ஞாயித்துக்கிழமை வா எஸ்தர்." "வருதேன் சேச்சி" என்றேன். அதற்குப்பின் பதினான்கு மாதங்கள். தொலைபேசியில் வாரம் ஒருமுறை பேசினோம். நான் போகவில்லை.

அந்த ஞாயிறு பஸ்ஸில் கரமனை வந்து இறங்கியவள், பாலத்தின்மேல் நின்றுவிட்டேன். மணி பத்தே முக்கால். இரண்டு எட்டில் வலியசாலை. ஆற்றைப் பார்த்தபடி, உள்ளே விடுவார்களா, எங்கே நிற்பது, என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே நேரம் போயிற்று. தெருவுக்குள் நுழைந்து விசாரித்துப் போனபோது அவர் வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்க் கால் மணி ஆகியிருந்தது. அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஈரத்தலையோடு ஓர் அம்மாள் வெளியே வந்தார். சேச்சியின் அண்ணன் மனைவி, விசாலம் மாமி. முன்பின் பார்த்ததில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எஸ்தர்தானே? வாசல்ல நிக்காதேங்கோ. உள்ளே வாங்கோ" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கூடத்தில் சேச்சியின் நாற்காலியில் உட்கார வைத்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தூக்கில் காப்பி வந்திருந்தது. மாமி அலமாரியைத் திறந்து ஒரு கோப்பையை எடுத்து வந்து அதில் ஊற்றினார். கோழிமுட்டை அளவு, வெள்ளை. உட்புறத்தில் ஒரு பழுப்பு வளையம், எத்தனை தேய்த்தாலும் போகாத மாதிரி.

"இதுலதான் குடிப்பா, தினம் சாயங்காலம்" என்றார் மாமி. "இத்தாலியிலேர்ந்து வந்து ஒரு மாசம் இருக்கும், ஒரு நாள் இதை எடுத்து வாய் வெச்சுக் குடிக்க ஆரம்பிச்சா. என் மாமியார் இருந்த வரைக்கும் நித்தியம் சண்டைதான். இவ கேக்கலை. 'அம்மா, இது ரெண்டு பேரோட கோப்பையாக்கும். இன்னொருத்தி ஒரு நாள் வருவா. அவளுக்கும் இதுலதான் குடுக்கணும்'னு சொல்லுவா. என்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தா. ஞாயித்துக்கிழமையானா அலம்பி எடுத்து வெச்சுண்டு வாசலைப் பாத்துண்டிருப்பா. இன்னிக்கும் காலம்பற குளிச்சுட்டு வந்து அலம்பி வெச்சது அவதான்."

வலியசாலைக்காரர்கள் முன்னால் செய்ய முடியாததை அவர் தம் தாயாருக்கு முன்னால் செய்திருக்கிறார். எட்டு ஆண்டுகளாக, தினமும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தெரியாதவர். கூப்பிட மட்டும் தெரிந்திருந்தது. கூப்பிட்டார். நான்தான் போகவில்லை.

கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தேன். அவர் உதடு பட்ட விளிம்பு எது என்று தெரியாததால் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். பிறகு எல்லாம் அவருடைய விளிம்புதானே என்று வாய் வைத்தேன். பாதி குடித்தேன். மீதிப் பாதியோடு கோப்பையைப் பக்கத்தில் இருந்த முக்காலியில் வைத்தேன். மாமி அதை எடுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கூடத்துக் கடிகாரத்தில் மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. அங்கே எட்டு. மிஷினை ஆன் செய்திருப்பார்கள். சேச்சி, நான் வந்துவிட்டேன். உங்கள் பாதி இங்கே இருக்கிறது. போயிட்டு வருதேன்.